பாம்புப் பெட்டியும் விஷக்கல்லும்

பர்மிங்ஹாம்
14-1-1984

ராணி அப்பாவுக்கு,

டோரதி எழுதுவது. இங்கே நலம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? நீங்கள் அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை நேற்றுத்தான் வந்து சேர்ந்தது. வழக்கம்போல அடியில் "எப்போது வருகிறாய்?" என்று எழுதியிருந்தீர்கள். எட்டு வருஷமாக நானும் வழக்கம்போல அதற்குப் பதில் எழுதாமல் இருக்கிறேன். இந்தக் கடிதமும் அதற்குப் பதில் அல்ல. ஒரு தச்சு வேலை விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் இருபத்தெட்டு வருஷமாக ரயில் பெட்டிக்குப் பலகை பொருத்துகிறவர் இருக்கும்போது நான் வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

எனக்கு ஒரு மரப்பெட்டி வேண்டும். நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம். முன்பக்கம் கண்ணாடி. உள்ளே எப்போதும் ஈரம் நிற்கும். அப்படி நின்றும் பலகை உளுத்துப் போகக் கூடாது. இங்கே கடையில் விற்கிற பெட்டிகள் ஆறு மாதத்தில் ஊதிப்போகும் என்று வைத்திருப்பவர்களே சொல்கிறார்கள்.

எதற்கு என்று கேட்பீர்கள். பாம்புக்கு. ஒரு பாம்பு வளர்க்கப் போகிறேன். வானவில் போவா என்று பெயர். தென்னமெரிக்காக் காட்டுப் பாம்பு. நம் ஊர் மண்ணுளிப் பாம்புக்குத் தூரத்துச் சொந்தம். விஷம் கிடையாது.

படித்துவிட்டுக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். பெட்டிக்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
டோரதி


சேசு மரி சூசை துணை
பொன்மலை
3-2-1984

டோரதிக்கு இருதயநாதன் எழுதிக்கொண்டது.

உன் கடிதத்தின் தலையில் சேசு மரி சூசை போடும் பழக்கத்தையும் விட்டுவிட்டாய் போலிருக்கிறது. போகட்டும். கிழித்துப் போடாதே என்று எழுதியிருந்தாய். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நான் எழுதிய பதிலைத்தான் நாலு தரம் கிழித்தேன்.

உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா? நம் பெண்ணைக் கொண்டுபோன ஜாதியை வீட்டுக்குள் வைத்துச் சோறு போடப் போகிறாயா? நாய் வளர்க்கிறேன் என்று எழுதியிருந்தால் துணைக்கு ஆயிற்று என்று சந்தோஷப்பட்டிருப்பேன். பூனை என்றாலும் சரி. எட்டு வருஷம் கழித்து ஒரு முழுக் கடிதம் வந்திருக்கிறது, அதில் பாதிக்கு மேல் பாம்பு.

என்னைக் குத்திக் காட்டுவதற்குத்தான் இதை எழுதினாய் என்றால், அது குத்திவிட்டது. நம் வீட்டுக்கென்று நான் கடைசியாகச் செய்த பெட்டி எது என்று உனக்குத் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் தேக்குப் பலகை கேட்டு வாங்கி, ஒரே ராத்திரியில் இழைத்தேன். அதுவும் ஏறக்குறைய நாலடிதான். அதற்குப் பிறகு நான் வீட்டில் உளியைத் தொடவில்லை.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

இருதயநாதன்


பர்மிங்ஹாம்
26-2-1984

ராணி அப்பாவுக்கு,

என்னை மன்னிக்க வேண்டும். அளவை எழுதும்போது அந்தப் பெட்டி என் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் மூன்றடி என்று எழுதியிருப்பேன்.

குத்திக் காட்ட எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். போன ஆகஸ்டில் வார்டில் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் என் கால் பக்கம் வளைந்து வந்தது. நான் கத்திய கத்தலில் தட்டும் ஊசியும் கீழே போய், இதய ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த கிழவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நாற்பத்தாறு வயது நர்ஸுக்கு இது அழகா? எட்டு வருஷமாகத் தூக்கத்தில் பாம்பைப் பார்க்கிறேன். விழித்துக்கொண்டு ஒன்றைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவ்வளவுதான்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் பஸ்ஸை ஓட்டுகிறவர் ஹார்வி. வீட்டில் பத்துப் பன்னிரண்டு பாம்பு வைத்திருக்கிறார். முதல் தரம் அவர் வீட்டு வாசலோடு திரும்பி வந்துவிட்டேன். இரண்டாம் தரம் கூடம் வரைக்கும் போனேன். நாலாம் தரம் கையை நீட்டினேன். பாம்பு குளிர்ந்து வழவழப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். உலர்ந்து, நம் கைச்சூடாகவே இருந்தது.

முதல் பாம்புக்கு இது தோதில்லை, சாதுவான வேறு பாம்பு இருக்கிறது, அதை எடுத்துக்கொள் என்றுதான் ஹார்வி சொன்னார். இந்த வானவில்லுக்கு ஈரம் குறைந்தால் தோல் சரியாக உரியாது, மூச்சு இழுக்கும். சூடு கூடினாலும் ஆகாது. குட்டியில் கடிக்கும் குணமும் உண்டு. ஆனால் ஜன்னல் வெயிலில் அதைப் பிடித்துக் காட்டினார். செங்கல் நிறத்தில் கறுப்பு வளையம் போட்ட சாதாரண உடம்பு. வெயில் பட்டதும் மேலே நீலமும் பச்சையும் ஓடியது, மழை நாளில் ஒர்க்‌ஷாப் வாசலில் எண்ணெய் மிதக்குமே, அதுபோல. பாம்பை அழகு என்று நினைத்தது அதுதான் முதல் தரம். நினைத்த மறு நிமிஷம் குளியலறைக்குப் போய் அழுதேன்.

கடையில் காட்டிலிருந்து பிடித்து வந்த பாம்பு பாதி விலைக்குக் கிடைக்கிறது. அதை வாங்கக் கூடாதாம். உடம்பெல்லாம் உண்ணியும் வயிற்றில் புழுவும் இருக்கும், பயத்தில் தின்னாமலே செத்துப் போகும். ஹார்வி வீட்டிலேயே பிறந்த குட்டிகள் ஒன்பது இருக்கின்றன. இவை முட்டையிடுவதில்லை, குட்டிதான் போடும். வாயில் நுரை இருக்கிறதா, மூச்சில் சத்தம் கேட்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். குழந்தைகள் வார்டில் செய்கிற அதே வேலை. என் கண்ணெதிரே எலிக்குஞ்சைத் தின்ற ஒன்றைப் பேசி வைத்திருக்கிறேன். பெட்டி தயாரானால்தான் தருவாராம். பெட்டி இல்லாமல் பாம்பு வாங்குகிறவனுக்கு அவர் பாம்பு தருவதில்லை.

இன்னொன்று. இவ்வளவு எழுதியபின் கேட்காமல் விட முடியவில்லை. அன்றைக்குக் கடிவாயில் உங்கள் விஷக்கல்லை வைத்த பிறகு ராணி என்ன பேசினாள்? எட்டு வருஷமாக "ஒன்றும் பேசவில்லை, தூங்கிப் போனாள்" என்றே சொல்கிறீர்கள். நான் நர்ஸ். நல்ல பாம்பு கடித்த குழந்தை சும்மா தூங்கிப் போகாது. எனக்கு அது தெரிய வேண்டும். அது தெரியாமல் அந்த வீட்டு வாசற்படியை என்னால் மிதிக்க முடியாது.

டோரதி


சேசு மரி சூசை துணை
பொன்மலை
22-3-1984

அன்புள்ள டோரதிக்கு,

தவக்காலம். சுத்த போசனம், கவிச்சி தொடுவதில்லை.

பெட்டி விஷயம். தேக்கு அங்கே ஆனை விலை விற்கும். பைன் மரமும் தேவதாருவும் வேண்டவே வேண்டாம். அவற்றின் பிசின் வாடை ஈரத்தில் ஏறும், மூடிய பெட்டிக்குள் எந்த ஜீவனுக்கும் ஆகாது. தண்ணீர் தாங்குகிற ப்ளைவுட் முக்கால் அங்குலத்தில் கேள். ஆணி அடிக்காதே, துருப்பிடிக்கும். பித்தளை ஸ்க்ரூ போடு. மூலைகளில் பசை விட்டுப் பொருத்தியபின் உள்பக்கம் வார்னிஷ் மூன்று கை பூசு. ஒவ்வொரு கைக்கும் நடுவில் இரண்டு நாள் விடு. மூன்றாம் கைக்குப் பிறகு ஒரு மாதம் திறந்து போட்டு, மூக்கை உள்ளே விட்டுப் பார். துளி வாடை இருந்தாலும் பாம்பை விடாதே. காற்றுத் துளை மேலே போட்டால் ஈரமெல்லாம் போய்விடும். பக்கப் பலகையில் ஒரு பக்கம் தாழ்வாகவும் மறுபக்கம் உயரமாகவும் போடு.

கண்ணாடிக்கு நம் ரயில் பெட்டி ஜன்னல் ஷட்டர்தான் சரி. இரண்டு பக்கமும் பலகையில் காடி, அதாவது கண்ணாடி ஓடுகிற நீளப் பள்ளம், எடுத்து, மேலே தூக்குகிற மாதிரி. தன் கனத்திலேயே கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும். அளவோடு படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். படம் போட்டு முடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அந்த மூன்று ஞாயிறும் வீடு அத்தனை வெறிச்சென்று இல்லை.

நீ கேட்டதற்கு நான் முன்பு சொன்னதுதான். கல்லை வைத்தேன். தூங்கிப் போனாள்.

நான் 86-ல் ரிட்டையர் ஆகிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து பாலக்கரையில் ஒரு வீடு பார்க்கலாம் என்றிருக்கிறேன். அது வேறு வீடு, வேறு வாசற்படி. எப்போது வருகிறாய்?

இருதயநாதன்


பர்மிங்ஹாம்
30-5-1984

ராணி அப்பாவுக்கு,

பெட்டி தயார். நானே அறுத்து நானே பொருத்தினேன். கீழ் வீட்டுக்காரர் இரண்டு தரம் கதவைத் தட்டிவிட்டார். ஒரு மூலை கொஞ்சம் கோணல், நீங்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். வார்னிஷ் வாடை போக முழுசாக ஒரு மாதம் ஆயிற்று.

ஒரு பக்கம் அடியில் சூடு தருகிற தட்டு, எண்பது டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் தானே அணைந்துவிடும். மறுபக்கம் குளிர்ச்சியாக விட்டிருக்கிறேன். எந்தப் பக்கம் வேண்டுமோ அது போய்ப் படுத்துக்கொள்ளும். நடுவில் உடம்பு முழுக்க முங்குகிற அளவு தண்ணீர்ச் சட்டி. மூலையில் கவிழ்த்த தொட்டி, அதற்குள் ஈரப் பாசி. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். நம் ஐப்பசி மாதத்தை ஒரு பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் அது ஒன்றுதான் எனக்குப் பழகிய இடம்.

பாம்பு வந்து பத்து நாள் ஆகிறது. முதல் வாரம் தொடவே கூடாது என்று ஹார்வி உத்தரவு. பகலெல்லாம் தொட்டிக்குள். விளக்கணைத்தபின் வெளியே வந்து பெட்டியைச் சுற்றிப் பார்க்கிறது. எட்டாம் நாள் எலிக்குஞ்சு தின்றது. அதற்குப் பெயர் வைக்கவில்லை. வைக்கப் போவதும் இல்லை.

பாலக்கரை வீட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இங்கே எனக்கு அடுத்த வருஷத்தோடு வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். யோசிக்கிறேன். எட்டு வருஷத்தில் இந்த வார்த்தையை நான் எழுதுவது இதுதான் முதல் தரம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் எந்த வீடாக இருந்தாலும் நாம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். "தூங்கிப் போனாள்" என்பதை நடுவில் வைத்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியாது. என்ன சொன்னாள்?

டோரதி


சேசு மரி சூசை துணை
பொன்மலை
19-6-1984

அன்புள்ள டோரதிக்கு,

யோசிக்கிறேன் என்று எழுதியதைக் கோயிலில் முழந்தாளிட்டுப் படித்தேன். சிரிக்காதே.

ஒரு நல்ல சேதி. எங்கள் ஷாப்பில் ஃபிட்டர் ரங்கசாமி உனக்கு நினைவிருக்கும், ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் வாழைத் தோப்பு வைத்திருக்கிறானே. போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் தோப்பில் இலை அறுக்கிற சந்திரம்மாளைப் பாம்பு கடித்துவிட்டது. டாக்சி வைத்து நேராக என்னிடம் கொண்டுவந்தான். புறங்காலில் ரத்தம். பொம்பளை பாதி மயக்கம். கல்லை வைத்தேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. முக்கால் மணி நேரம் கழித்து விஷத்தை இழுத்து முடித்து, தானே விழுந்தது. பாலில் போட்டேன். பால் நுரைத்தது. சாயந்தரம் அவளே நடந்து பஸ் ஏறிப் போனாள். இப்போது தார் தாராகப் பழம் வந்துகொண்டிருக்கிறது, தின்ன ஆளில்லை.

டோரதி, அன்றைக்குக் கல் ஏன் கைவிட்டது என்று நான் கேட்காத நாள் இல்லை. அது ஆண்டவர் சித்தம் என்றுதான் மனதைத் தேற்றிக்கொள்கிறேன். கல் பொய்யில்லை. என் அப்பா ஒரு வெள்ளைக்காரச் சாமியாரிடம் வாங்கியது. எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது! சந்திரம்மாள் எழுந்து நடந்தபோது, நம் மேல் தப்பில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அதை உன்னோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எப்போது வருகிறாய்?

இருதயநாதன்


பர்மிங்ஹாம்
8-7-1984

ராணி அப்பாவுக்கு,

முதலில் உங்கள் ஷட்டர். ரயில் ஜன்னலை மூக்கால் தூக்குகிற பயணி உங்களுக்கு இதுவரை கிடைத்ததில்லை, எனக்குக் கிடைத்தது. கண்ணாடி தன் கனத்தில் உட்கார்ந்திருக்கும் என்றீர்கள். இரண்டு விரல் தடிமன் இருக்கிற பாம்பு அதை அடியில் நெம்பித் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டது. பக்கவாட்டில் நகர்கிற கண்ணாடியும் பூட்டும் போட வேண்டும் என்று ஹார்வி இப்போது சொல்கிறார். மாற்றிவிட்டேன்.

போன ஞாயிறு காலை முழுதும் தேடினேன். கேஸ் ஹீட்டருக்குப் பின்னால் சுருண்டு கிடந்தது. உடம்பெல்லாம் தூசி. கையை விட்டு எடுத்தேன், கடித்தது. கட்டை விரலுக்குக் கீழே, வளைவாக, நெருக்கமாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். ரத்தம் சொட்டியது. கத்தவில்லை. பாம்பைப் பெட்டியில் விட்டுவிட்டுச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். வேறொன்றும் செய்யவில்லை. மறுநாள் வேலைக்குப் போனேன்.

கழுவி முடித்துத் துடைக்கும்போது உங்கள் கடிதம் மேஜைமேல் கிடந்தது. அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் இருந்து உங்கள் கல்லை என் கையில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒட்டியிருக்கும். முக்கால் மணி நேரத்தில் விழுந்திருக்கும். பாலில் நுரைத்திருக்கும். நானும் எழுந்து நடந்திருப்பேன், நீங்கள் என்னையும் காப்பாற்றிவிட்டதாக எழுதியிருப்பீர்கள். இங்கே இல்லாத விஷத்தை அது எங்கிருந்து இழுத்திருக்கும்?

சந்திரம்மாளைக் கடித்தது என்ன பாம்பு? கேட்டீர்களா? ஸ்ரீரங்கத்திலிருந்து பொன்மலைக்கு வருகிற வழியில் எத்தனை ஆஸ்பத்திரி இருக்கிறது! அத்தனையையும் தாண்டி உங்களிடம் வந்திருக்கிறாள். நிஜ விஷமாக இருந்து அவள் செத்திருந்தால் அதற்கும் ஆண்டவர் சித்தம் என்றுதான் எழுதியிருப்பீர்களா? நிம்மதி வந்ததாம். எனக்கு வயிறு எரிகிறது.

போய்க் கேளுங்கள். கேட்காமல் எனக்கு எழுத வேண்டாம்.

டோரதி


பொன்மலை
21-8-1984

டோரதிக்கு,

கேட்டேன்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் உன் மேல் கோபமாகவே இருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிறு பூசை முடிந்து பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். ரங்கசாமி வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தான். என்ன பாம்புடா அது என்றேன்.

"தண்ணிப் பாம்புதாண்ணே. இந்த வாய்க்கால்ல தெனம் பாக்குறதுதான்."

"அப்புறம் எதுக்குடா டாக்சி வெச்சு என்கிட்ட கொண்டாந்த?"

"அவ பயத்துல மயக்கம் போட்டுட்டாண்ணே. நீங்க கல்ல வெச்சா தைரியம் வந்துரும்னுதான். நெசமாவே விஷம்னா நான் நேரா ஆஸ்பத்திரிக்கில்ல கொண்டு போயிருப்பேன்?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனும் கல்லறைக்கு ராணியின் பெட்டியைத் தூக்கி வந்தவன்தானே. நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவன் இளநீர் வெட்டிக் கொடுத்தான். "மன்னிச்சுக்கங்கண்ணே, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே, உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன்" என்றான்.

வீட்டுக்கு வந்து ஊசியைச் சுட்டு என் கட்டை விரலைக் குத்திக்கொண்டேன். ரத்தம் வந்தது. கல்லை வைத்தேன். பிடித்துக்கொண்டது. முக்கால் மணி நேரத்தில் விழுந்தது. பாலில் போட்டேன். நுரைத்தது. மறுநாள் இன்னொரு விரல். அதற்கடுத்த நாள் இன்னொன்று. இனி விரலில் இடமில்லை.

நீ கேட்டதற்குப் பதில் இது. இதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

அன்றைக்குச் சனிக்கிழமை, அரை நாள் வேலை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். விறகு எடுக்கப் போன ராணி கத்தினாள். கணுக்காலில் இரண்டு பொட்டு. கட்டுப் போட்டு, கீறி, கல்லை வைத்தேன். பிடித்துக்கொண்டது. வேப்பமரத்தடியில் பாயைப் போட்டு மடியில் சாய்த்துக்கொண்டேன். "அம்மாகிட்ட போலாம்பா" என்றாள். "கல்லு விழட்டும்டா கண்ணு, அப்புறம் போலாம்" என்றேன். மறுபடியும் கேட்டாள். மூன்று தரம் கேட்டாள். நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் எட்டு நிமிஷம். கல்லை எடுத்தால் விஷம் உள்ளேயே நின்றுவிடும் என்று என் அப்பா சொல்லியிருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா, வேப்பமரம் ரெண்டாத் தெரியுது" என்றாள். நான் சிரித்தேன், டோரதி. "நாளைக்கு ரெண்டு ஊஞ்சல் கட்டிரலாம்" என்றேன். அவளும் சிரித்தாள். அப்புறம் பேச்சு மூக்கால் வந்தது. தண்ணீர் கொடுத்தேன், வாயோரம் வழிந்தது. இமை இறங்கியது. தூங்குகிறாள், யாரும் எழுப்பாதீர்கள் என்று வந்தவர்களிடம் நான்தான் சொன்னேன்.

கல் விழுந்தது. முதலில் கல்லைத்தான் எடுத்தேன். உள்ளே போய்ப் பாலில் போட்டுவிட்டு, பிழைத்துவிட்டாள் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அவளைப் பார்த்தேன்.

இத்தனை நாளாக மறைத்தது இதுதான். அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கும் ஒரு நிமிஷம் பயம் வந்தது. அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? கல் பொய் என்றால் நர்ஸ் வேலை பார்க்கிற என் பெண்சாதி எப்போதோ சொல்லியிருப்பாளே என்று நினைத்தேன். உன் மேல் பழி போட இதை எழுதவில்லை. நடந்ததை அப்படியே எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வா என்று இனி நான் எழுத மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. வந்தால் கதவு திறந்திருக்கும்.

இருதயநாதன்


பர்மிங்ஹாம்
9-9-1984

ராணி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. வேலைக்குப் போகவில்லை.

இரண்டாகத் தெரிகிறது என்று அவள் சொன்னபோது நேரம் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கும். மருந்து எங்கள் வார்டு அலமாரியிலேயே இருந்தது. அன்றைக்கு வார்டில் வேலை குறைவு. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் மறைக்காமல் எழுதியதால் நானும் இதை மறைக்கவில்லை.

இனி எழுதப் போவதை நீங்கள் உட்கார்ந்து படியுங்கள்.

கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற பிச்சமுத்துவை உங்களிடம் கொண்டுவந்தார்கள். காலில் பல் வரிசை வளைவாக, நெருக்கமாக, சின்னச் சின்னதாக இருந்தது. சாரைப் பாம்பு. பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது. நீங்கள் கல்லை வைத்தீர்கள். பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தது நான். அப்புறம் வந்தவர்களை எல்லாம் பார்த்தேன். ஒன்று தண்ணீர்ப் பாம்பு, இல்லை சாரை, இல்லை எலிக்கடி. நிஜமான கடி ஒன்றே ஒன்று வந்தது. உங்களுக்குத் தெரியாமல் அவன் பெண்சாதியைக் கூப்பிட்டு, "கல்லு விழுந்ததும் நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க" என்று காதில் சொல்லி அனுப்பினேன். வந்தான். நான்தான் ஊசி போட்டேன். பிழைத்துக்கொண்டான். அவன் உங்கள் காலில் விழுந்தபோது நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை? ஒர்க்‌ஷாப்பில் உங்களைக் கைநீட்டிக் கூப்பிடுகிறவன்கூடக் கல் வைக்க வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டு "ஐயா" என்று நின்றான். கோயிலில் உங்களுக்கு முன் வரிசையில் இடம் விட்டார்கள். வீட்டுக்குள் வரும்போது உங்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருக்கும். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது. கல்லுக்காரர் பெண்சாதி என்று சந்தைக்காரிகள் ஒரு பிடி கீரை கூட வைத்தால் வாங்கிக்கொண்டேன். நாம் பக்கத்தில் இருக்கும்வரை யார் சாகப் போகிறார்கள், நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்று நினைத்தேன். நான் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நம் வீட்டுக்கே பாம்பு வரும் என்று நினைக்கவில்லை.

நீங்கள் தெரியாமல் செய்தீர்கள். நான் தெரிந்தே பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் உங்களை மன்னிக்க முடியாமல் இங்கே ஓடி வந்துவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நான் திருத்தவில்லை. என்ன சொன்னாள் என்று உங்களைத் துளைத்துத் துளைத்துக் கேட்டது எதற்காக? அவள் ஒன்றும் பேசாமல் உடனே போய்விட்டாள் என்றால், யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆகும். அப்படி எழுத மாட்டீர்களா என்ற ஆசையில்தான் கேட்டேன்.

இனி நான் வரலாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டோரதி


பர்மிங்ஹாம்
17-2-1985

ராணி அப்பாவுக்கு,

செப்டம்பரில் எழுதியதற்குப் பதில் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு எழுதியதற்கும் கிறிஸ்துமஸுக்கு எழுதியதற்கும் இல்லை. கடிதம் தொலைந்திருக்கும் என்று நினைத்து ரங்கசாமிக்கு எழுதினேன். அவர் பதில் போட்டிருக்கிறார். நீங்கள் சுகமாக இருக்கிறீர்களாம், தினம் ஷிப்டுக்குப் போகிறீர்களாம். கல்லை ஒர்க்‌ஷாப்பில் இரும்பு உருக்குகிற உலையில் போட்டுவிட்டீர்களாம். என் கடிதங்களைப் பற்றிக் கேட்டிருந்தேன். "வந்துச்சுங்கக்கா. அண்ணன் படிச்சாரு. ஒண்ணும் சொல்லல" என்று அவர் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறார்.

நீங்கள் எழுதிக்கொண்டே இருந்து நான் பதில் போடாமல் இருந்தது எட்டு வருஷம். எனக்கு இப்போது ஐந்து மாதம்தான் ஆகிறது. தபால்காரர் வருகிற நேரத்துக்குப் படியிறங்கிப் போய் நிற்கிறேன்.

பாம்பை ஹார்வி எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். பெட்டியோடு கொடுத்துவிடுவேன். ஜூனோடு இங்கே வேலை முடிகிறது. டிக்கெட் எடுக்கவில்லை.

நான் வரட்டுமா?

டோரதி